முதலாம் பக்கத்துக்கு என்ன விலை?

போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தி எங்கள் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்ல மரியாதையான ஆங்கிலம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறோம், கட்டுரைகள் எல்லாம் மிகத் தரம் என்று தொடங்கி, நாங்கள் ஒரு கட்டுரை தருகிறோம், அதைப் போட்டால் 40 டொலர் தருகிறோம் என்று முடிந்தது. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத ஆள் எங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறார் என்ற இடத்திலேயே எங்களுக்கு விளங்கியிருக்க வேணும். ஆனால் 40 டொலர் என்றதும் எங்களில் இரண்டு பேர் கல்குலேட்டரை எடுத்துவிட்டார்கள். டொமைன் காசு கட்டி மிஞ்சுகிறதில் மதுரங்குளிச் சந்தியில் எல்லாரும் ஒருநாள் கொத்து ரொட்டி சாப்பிடலாம்.

அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தால் ஒன்லைன் சூதாட்டம். அதில் கதைக்க ஒன்றுமில்லை, அன்றே அழித்தோம். சிக்கல் வந்தது அடுத்த மாதம் வந்த இரண்டாவது கடிதத்தில். இந்த முறை பல்கலைக்கழக மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கிற ஒரு நிறுவனம். கட்டுரை 'நேரத்தை முகாமை செய்வது எப்படி' என்ற தலைப்பில் பார்வைக்கு நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றாவது பந்தியில் ஒரேயொரு சொல்லில் அவர்களுடைய தளத்துக்கு இணைப்பு. "ஒரு லிங்க் தானே மச்சான், யார் பார்க்கப் போறா?" என்றான் ஒருத்தன். இரண்டு வாரம் இதிலேயே சண்டை பிடித்தோம். கடைசியில் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். அந்தச் சண்டையில் நாங்கள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களைப் போல நாலு பேர் சேர்ந்து தமிழில் ஒரு தளம் நடத்துகிற எல்லாருக்கும் இந்தக் கடிதம் ஒருநாள் வரத்தான் போகிறது.

யார் பார்க்கப் போகிறார் என்ற கேள்விக்குப் பதில்: கூகிள் பார்க்கும். அந்த இணைப்பே வாசகனுக்காக வைக்கப்படுவதில்லை. 1998 இல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகிளைத் தொடங்கியபோது அவர்களுடைய அடிப்படை யோசனை எங்கள் கலைப்பீடத்துக்குப் பழக்கமான ஒன்றுதான். ஒரு நூலை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள், காட்டுகிறவர்கள் எவ்வளவு மதிப்பானவர்கள் என்று பார்த்து அந்த நூலை எடை போடுகிறோம் அல்லவா, அதையே இணையப் பக்கங்களுக்குச் செய்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு சாட்சி. இப்போது தேடுபொறி பார்க்கிற விசயங்கள் எத்தனையோ கூடிவிட்டன. ஆனாலும் சாட்சி என்ற அந்த எண்ணம் போகவில்லை. அப்படியென்றால் 40 டொலருக்கு எங்களிடம் கேட்கப்பட்டது பொய்ச் சாட்சி. நீதிமன்ற வாசலில் நின்று ஆளுக்கு இவ்வளவு என்று சாட்சி சொல்கிறவர்களைப் பற்றி ஊரில் என்ன கதைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

விளம்பரமே போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காசு வாங்கிப் போட்ட இணைப்பு என்றால் அதை அப்படியே அடையாளப்படுத்தலாம். 2005 இலிருந்து அதற்கென்று ஒரு குறிச்சொல் இருக்கிறது, 2019 இல் விளம்பர இணைப்புக்கென்றே இன்னொன்றும் வந்தது. அதைப் போட்டால் தேடுபொறி அந்த இணைப்பைச் சாட்சியாக எடுக்காது. நாங்கள் அந்த அசைன்மென்ட் நிறுவனத்துக்கு அப்படிப் போடலாம் என்று எழுதிப் பார்த்தோம். பதிலே வரவில்லை. அவர்களுக்கு எங்கள் வாசகர்கள் வேண்டியதில்லை. எங்கள் பெயர்தான் வேண்டியிருந்தது.

இதில் மாட்டிய பெரிய ஆட்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. 2006 பெப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தைக் கூகிள் தன் பட்டியலிலிருந்தே தூக்கியது. 'பாவித்த கார்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப அடைத்த பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, ஆள் வந்து திறந்தால் வேறு பக்கத்துக்கு அனுப்பினார்கள். 2011 பெப்ரவரியில் ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடையின் விசயத்தை நியூயோர்க் டைம்ஸ் வெளியில் கொண்டுவந்தது. கட்டில் விரிப்பு, சட்டை, கம்பளம் என்று எதைத் தேடினாலும் அவர்களே முதலில் வந்துகொண்டிருந்தார்கள். தேடிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவர்களுக்கு இணைப்புகள். கூகிள் கை வைத்த அன்று ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் முதலாம் இடத்தில் இருந்தவர்கள் இரண்டு மணித்தியாலத்தில் 71 ஆம் இடத்துக்குப் போனார்கள்.

பிஎம்டபிள்யூ பக்கங்களை அகற்றிவிட்டுச் சில நாட்களில் திரும்பி வந்தது. ஜேசி பென்னிக்கும் தெருத் தெருவாகக் கடைகள் இருந்தன. இந்தக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பெரியவன் விழுந்தால் எழும்புவான். எங்களைப் போன்ற ஒரு தளம் பட்டியலிலிருந்து போனால், போனது என்று எழுதுவதற்குக்கூட ஒரு பத்திரிகை இருக்காது.

கற்பிட்டியில் எங்கள் நண்பன் ஒருத்தனுடைய நானா நாலு அறை வைத்து வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கிறார். நவம்பரிலிருந்து டொல்பின் பார்க்கப் படகும் விடுவார். அவரிடம் ஒரு பொடியன் வந்து, உங்களைக் கூகிள் வரைபடத்தில் முதலாவதாகக் கொண்டுவருகிறேன் என்று காசு வாங்கிப் போனான். அவன் செய்தது இரண்டே வேலை. இடத்தின் பெயருக்குப் பின்னால் 'மலிவான சிறந்த அறை, டொல்பின், காற்றாடிச் சறுக்கல், கற்பிட்டி' என்று ரயில் மாதிரி நீளத்துக்குச் சேர்த்தான். அதோடு ஒரே கிழமையில் இருபது முப்பது ஐந்து நட்சத்திர மதிப்புரைகளைக் கொட்டினான். அதில் ஒன்று அவருடைய 'அழகான மலைக் காட்சியை'ப் பாராட்டியிருந்தது. கற்பிட்டியில் மலை!

கூகிளின் விதி இதில் தெளிவாக இருக்கிறது: பெயர்ப் பலகையில் இருக்கிற பெயர்தான் வரைபடத்திலும் இருக்க வேணும். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலையில் அவருடைய இடமே வரைபடத்தில் இல்லை. நாலு வருசமாக உண்மையாக வந்து தங்கிப் போனவர்கள் எழுதிய மதிப்புரைகளும் அதோடு போயின. நானா எங்களிடம் கேட்டது: "நான் பிழையா ஒண்டும் செய்யல்லயே, காசு குடுத்துத்தானே செஞ்சேன்?" அந்தப் பொடியனின் நம்பர் அப்போது வேலை செய்யவில்லை. பெயரைத் திருத்தி, கடைப் பலகையின் படமும் பதிவுப் பத்திரமும் அனுப்பி, மேன்முறையீடு செய்து, இடம் திரும்பி வர சீசனில் பாதி முடிந்துவிட்டது.

இப்போது எங்கள் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருசத்துக்கு முந்தி, யாரோ ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு, எங்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் போட்டோம். மதுரங்குளி, மதுரங்குளிய, ஆங்கில எழுத்தில் அதன் நாலைந்து எழுத்துக்கூட்டல்கள், கடையாமோட்டை, விருதோடை, கனமூலை, புழுதிவயல், கொத்தாந்தீவு என்று ஊர் ஊராக. வாசகருக்குத் தெரியாது, கூகிளுக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தோம். மறைத்த எழுத்து தேடுபொறிக்காரர்கள் மிகப் பழைய காலத்திலேயே கண்டுபிடித்த தந்திரம் என்பது பிறகுதான் தெரிந்தது. 'கீவேர்ட்' என்று பக்கத்தின் தலையில் ஒரு பட்டியல் கொடுப்பார்களே, அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009 இலேயே சொல்லிவிட்டது. இன்றும் அதைச் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்குகிறார்கள். அந்த வெள்ளைப் பட்டியலால் எங்களுக்கு ஒரு வாசகரும் கூடவில்லை. கண் தெரியாத ஒரு நண்பர் தன் போனில் கட்டுரையை வாசிக்கக் கேட்கும்போது, முடிவில் பத்து ஊர்ப் பெயரை இயந்திரம் இரண்டு தரம் ஒப்பிக்கிறதே, அது என்ன என்று கேட்டார். அன்றைக்கு வந்த வெட்கத்தில் எல்லாவற்றையும் எடுத்தோம்.

தமிழில் இது இன்னும் பாரதூரமானது என்று நாங்கள் நினைக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு விசயத்தைத் தேடினால் குப்பைக்கு நடுவே பத்து நல்ல பக்கமாவது வரும். புத்தளம் பக்கத்து விசயம் ஒன்றைத் தமிழில் தேடினால் மொத்தமாக நாலு பக்கம்தான் இருக்கும். அதில் மூன்று குப்பை என்றால் வாசகருக்குத் தப்ப வழி இல்லை. போன மழைக்கு வீதியில் தண்ணீர் ஏறிய நேரம் எங்களில் ஒருத்தியின் ராத்தாவுக்குச் சிலாபத்தில் கிளினிக். வீதி திறந்திருக்கிறதா என்று தேடினார். முதலாவதாக வந்த பக்கத்தில் அன்றைய திகதி போட்டு 'போக்குவரத்து முற்றாகத் தடை' என்று இருந்தது. அவர் போகவில்லை. பின்னேரம் பார்த்தால் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தச் செய்தி சில வருசத்துக்கு முந்திய வெள்ளத்துடையது, திகதி மட்டும் தானாக மாறுகிற மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பரீட்சைப் பெறுபேறு வருகிற காலத்திலும் இதே கதைதான். 'வெளியானது' என்ற பக்கங்கள் பெறுபேறு வர ஒரு மாதத்துக்கு முந்தியே வெளியாகிவிடும். பரீட்சைத் திணைக்களத்தின் தளம் எங்கோ கீழே கிடக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இருநூறு கட்டுரை என்று தமிழில் கொட்டலாம். 2024 மார்ச்சில் கூகிள் தன் விதிகளைக் கடுமையாக்கி, தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்கள், காலாவதியான டொமைனை வாங்கிப் பழைய பெயரில் பிழைப்பது, நல்ல பெயருள்ள தளத்தின் மூலையை வாடகைக்கு விடுவது மூன்றையும் ஸ்பாம் என்று அறிவித்தது. மனிதன் எழுதினானா இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை, யாருக்காக எழுதியது என்பதுதான் கேள்வி. இரண்டாவதைப் படித்தபோது எங்களுக்கு வயிறு கலங்கியது. 'த ஹேர்பின்' என்று பெண்கள் எழுதிய ஒரு நல்ல தளம் அமெரிக்காவில் இருந்தது. 2018 இல் மூடிவிட்டார்கள். பிறகு அந்த டொமைனை யாரோ வாங்கி இயந்திரக் கட்டுரைகளால் நிரப்பியதை 2024 ஜனவரியில் வயர்ட் சஞ்சிகை எழுதியது. வாசகர் அதிகம் வந்த பழைய கட்டுரைகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, எழுதிய பெண்களின் பெயரை எடுத்து ஆண்களின் பெயரைப் போட்டிருந்தார்களாம். நாங்கள் டொமைன் காசு கட்டப் பிந்தினால் எங்களுக்கும் இதுதான் நடக்கும்.

"நீங்க நல்ல பிள்ளையா இருங்கோ, குப்பைத் தளம் எல்லாம் மேலதானே நிக்குது" என்று சண்டையில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. கூகிள் ஒரு கம்பனி, காதி நீதிமன்றம் இல்லை. தமிழ்க் குப்பையைப் பிடிப்பதில் ஆங்கிலத்துக்கு எடுக்கிற அக்கறையை அது எடுப்பதாக எங்களுக்குப் படவில்லை. ஆனால் மேலே நிற்கிற அந்தத் தளங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வருகின்றன, போகின்றன, அடுத்த மாதம் வேறு பெயரில் வருகின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் தளத்தின் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இலங்கைத் தமிழ் நூல் எதைத் தேடினாலும் அது வருகிறது. அதற்கு யாரும் காசு கொடுத்து இணைப்பு வாங்கவில்லை, எங்கள் ஒவ்வொரு அசைன்மென்டிலும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்.

தந்திரத்தில் போகிற நேரத்தில் செய்ய நேர்மையான வேலை எவ்வளவோ கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கங்களின் பழைய மலர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துக் குழம்பு. அதை யூனிகோடுக்கு மாற்றிப் போட்டாலே போதும், அதுவரை இணையத்தில் இல்லாத ஒரு விசயம் முதல் தடவையாகத் தேடலில் வரும். இன்னொன்று, உங்கள் பாடசாலை, பள்ளிவாசல், சங்கத் தளங்களின் முகவரிக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'சைட்' என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் போட்டு, இடைவெளி விடாமல் ஒருமுறை கூகிளில் தேடிப் பாருங்கள். ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத் தளத்தை நாங்கள் அப்படித் தேடினோம். பரிசளிப்பு விழாப் படங்களோடு ஜப்பானிய மொழியில் நூற்றுக்கணக்கான கடைப் பக்கங்கள் வந்தன. யாரோ உள்ளே நுழைந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நேற்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது, இப்போது 60 டொலர். நாங்கள் மதுரங்குளிச் சந்தியிலிருந்து புறப்படுகிற பஸ் நேரங்களையும் புத்தளப் பாதை ரயில் நேரங்களையும் தமிழில் ஒரே பக்கமாகப் போட வேலை செய்துகொண்டிருக்கிறோம். விருதோடைப் பக்கம் காலையில் வருகிற முதல் பஸ்ஸின் நேரம் மட்டும் இன்னும் சரியாகக் கிடைக்கவில்லை. அதில் வழமையாகப் போகிறவர்கள் எழுதி அனுப்புங்கள்.