நாற்காலி கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை

அமைச்சரவை மாற்றம் என்று செய்தி வந்தால் போதும், பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலிருந்து கிள்ளான் கடைவீதி வரை ஒரே கணக்குத்தான் ஓடும்: நமக்கு எத்தனை அமைச்சர், எத்தனை துணையமைச்சர்? இந்தக் கணக்கைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் பதவி ஒன்றே ஒரு சிறுபான்மைச் சமூகத்தைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை ஃபிஜித் தீவைப் பார்க்க வேண்டும். அங்கே நம்மவர் ஒருவர் அமைச்சரென்ன, பிரதமராகவே ஆனார். சரியாக ஓராண்டில் அந்த ஆட்சி கவிழ்ந்தது.

மகேந்திர சௌத்ரி 1942இல் ஃபிஜியின் பா நகரில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஹரியானாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். அந்தக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து மட்டும் புறப்படவில்லை. 1903 முதல் சென்னையிலிருந்தும் போயின. ஃபிஜிக்குப் போன ஏறத்தாழ 60,000 பேரில் கால்வாசிப் பேர் தென்னாட்டார். ஆகவே இது நமக்கு அயலான் கதை இல்லை. சௌத்ரி அரசாங்கத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து, 1970இல் பொதுச் சேவை ஊழியர் சங்கத்தின் பொதுச்செயலாளராகி, பிறகு கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர். 1985இல் தொழிலாளர் கட்சி உருவானபோது உடனிருந்தார். 1987இல் பிரதமர் டாக்டர் பவாத்ராவின் அரசில் நிதியமைச்சர். ஒரே மாதத்தில் கர்னல் ரபூகாவின் இராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. மனிதர் ஒதுங்கிவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டு பொறுத்து, 1999 தேர்தலில் 71 இடங்களில் 37ஐக் கட்சிக்கு வென்று தந்து, மே 19ஆம் தேதி பிரதமரானார். அடுத்த ஆண்டு அதே மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் என்பவர் துப்பாக்கிக்காரர்களோடு வந்து, பிரதமரையும் அமைச்சர்களையும் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே 56 நாள் பிணைபிடித்து வைத்தார்.

இதை வெறும் இனவெறி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. இனவெறி இருந்தது உண்மைதான். ஆனால் அது பற்றிக்கொண்ட இடம் நிலம். ஃபிஜியின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூர்வகுடிக் குலங்களுக்கு உரியது. அதை விற்கவோ வாங்கவோ முடியாது. மூன்று நான்கு தலைமுறையாகக் கரும்பு போட்ட இந்தியக் குடும்பங்கள் குத்தகைதாரர்கள் மட்டுமே. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நின்ற குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கின. சௌத்ரிக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். நிலத்தைவிட்டு வெளியேறும் விவசாயிக்கு 28,000 ஃபிஜி டாலர் உதவித்தொகை அறிவித்தார். நிலப் பயன்பாட்டு ஆணையம் அமைக்கப் பார்த்தார். 'நம் நிலத்தில் கைவைக்கிறார்கள்' என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிட அதுவே போதுமானதாக இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்பை ஒட்டிய கலவரத்தில் முவானிவெனி கிராமத்து விவசாயிகள் வீடுவாசலை விட்டு ஓடி, லௌதோகா நகரில் ஒப்பந்தக் கூலிகளின் நினைவாகக் கட்டிய மண்டபத்தில் அகதிகளாகத் தங்கினார்கள். பாட்டன் பட்ட பாட்டுக்கு எழுப்பிய நினைவிடம் பேரனுக்குப் புகலிடமானது.

2001இல் ஃபிஜியின் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின்னும் அரசமைப்புச் சட்டம் செல்லும் என்றது. ஆனாலும் சௌத்ரிக்குப் பதவி திரும்பவில்லை. 2007இல், மற்றோர் இராணுவப் புரட்சி நடத்திய பைனிமராமாவின் இடைக்கால அரசில் நிதியமைச்சராகச் சேர்ந்தார். துப்பாக்கியால் கவிழ்க்கப்பட்ட மனிதர் துப்பாக்கியால் வந்த அரசில் உட்கார்ந்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2014இல் அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பாகி, 20 இலட்சம் ஃபிஜி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. இதற்கிடையில் மக்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 1986இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதியாக இருந்த ஃபிஜி இந்தியர்கள் 2007 கணக்கெடுப்பில் 37.5 விழுக்காடு.

இப்போது மலேசியாவுக்கு, நம் பக்கம் வருவோம். துன் வீ.தி. சம்பந்தன் பிரதமராகப் பதவியேற்றவரல்லர். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், பல துறைகளுக்கு அமைச்சர். விடுதலையையொட்டி வெள்ளைக்காரத் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது பாட்டாளிகள் லயத்தையும் வேலையையும் ஒருசேர இழந்தார்கள். அமைச்சரான சம்பந்தன் அறிக்கைவிட்டு நின்றுவிடவில்லை. தோட்டங்களைப் பாட்டாளிகளே வாங்குவதற்குப் பங்காக, தோட்டம் தோட்டமாகப் போய் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் பாட்டாளிகளின் சொத்தானது. பால்மரம் வெட்டியவர் அந்த மரத்தில் பங்குதாரர் ஆனார். சம்பந்தன் 1979இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது.

இந்த ஒப்பீடு நியாயமில்லை என்பார்கள்: ஃபிஜியில் நிலத்தை வாங்கவே முடியாதே, சௌத்ரி என்ன செய்வார்? சரியான கேள்வி. ஆனால் அதே ஃபிஜியில் 1926இல் நாந்தியில் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்களைக் கட்டியது. எத்தனை ஆட்சி கவிழ்ந்தபோதும் அந்தப் பள்ளிகள் நடந்தன. நிலம் கிடைக்காத இடத்திலும் சமூகத்தின் கையில் ஒன்றை விட்டுச்செல்ல வழி இருந்தது. இன்னொரு மறுப்பு கனமானது. சம்பந்தன் காலத்தில்தான் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் பிரச்சினையில் குடியுரிமை இல்லாத பாட்டாளிகள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அதை அவரால் தடுக்க முடியவில்லை. கூட்டுறவுச் சங்கம் வாங்கியதும் துண்டாடப்பட்டதில் ஒரு பகுதிதான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். அமைச்சர் பதவி இல்லாமலிருந்தால் அவர் சொல்லை நம்பித் தோட்டத்து மக்கள் பணம் கொடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகமே. பதவி வேண்டாம் என்பது என் வாதமே அல்ல. பதவியில் இருந்தவர் போன பிறகு மக்கள் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால், பிரதமரைவிட அந்த அமைச்சரே தேர்ந்த தலைவர்.

நான் இருந்து எழுதும் செமினியில், பதவி இருந்தும் நிலம் மிஞ்சாததற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. காஜாங்கிலிருந்து வரும் சாலையின் இருபுறமும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று தாமான்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே வாழ்ந்தவர்களுக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருந்தார், நாடாளுமன்ற உறுப்பினரும் இருந்தார். நிலம் விலைபோனபோது விற்பனைப் பத்திரத்தில் அந்தத் தோட்டத்து மக்கள் பெயர் இல்லை.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எங்கள் பெயரில் எதை எழுதிவைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டி பெயரில் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் பத்திரம் கிடந்தால், சங்க அலுவலகத்துக்குப் போய் வாரிசு விவரத்தைச் சரிசெய்யுங்கள். பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தால் தவறாமல் போய் உட்கார்ந்து, கணக்கைக் கேளுங்கள்.