பழைய கணினியைத் தள்ளிவிடும் முன்

வீட்டுக் கணினி திறப்பதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால், "இதற்கு வயதாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று முடிவு செய்துவிடுகிறோம். அது பெரும்பாலும் அவசர முடிவு என்பதே என் கருத்து. முதுமையைக் காட்டிலும் கவனிப்பாரின்மையே பல கணினிகளைத் தளர்த்துகிறது. வாங்கிய நாள்முதல் அதன் உட்புறத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா?

மின்விசிறியிலும் அதனடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் தூசி அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது. சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாமோ அதை முதுமை என்கிறோம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். சாலையோர வீடானால் மூன்று மாதத்திற்கு ஒருமுறை. தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால், மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற சிறு பேட்டரியை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணினியோடு சேர்ந்து தாமாகவே துவங்கும் மென்பொருள்களில் தேவையற்றவற்றை டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவையுங்கள். வேகத்தைக் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நான் சிறிதும் நம்புவதில்லை. அவற்றில் பல, தாமே சுமையாகிவிடுகின்றன.

இதற்குப் பின்னும் மந்தமாயிருந்தால், சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள். புதிய கணினியின் விலையில் சிறு பங்கே செலவாகும், வித்தியாசமோ பெரிது. ஆனால் அதற்குமுன் ஒரு காரியத்தில் தாமதம் வேண்டாம். பழைய டிஸ்க் முன்னறிவிப்பின்றி ஒருநாள் நின்றுபோகக்கூடும். மறைந்த தகப்பனாரின் குரற்பதிவும் மகளின் திருமணப் படங்களும் அதில் மட்டுமே இருந்தால், எந்தக் கடையிலும் அவற்றை விலைக்கு வாங்க முடியாது. வெளிப்புற டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து பிரித்து வேறிடத்தில் வையுங்கள். மாதந்தோறும் செய்யுங்கள். தூசி துடைப்பதைக்கூட ஒத்திப்போடலாம், இதை ஒத்திப்போடலாகாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதிருங்கள். அதற்காகக் கணினியைக் குப்பைக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் இலவசமாகக் கிடைக்கிறது. கடிதம் எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் அது தாராளமாகப் போதும். நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டர் அதில் வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.