மலிவான தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள்

அமெரிக்க சுதந்திரப் போருக்குக் காரணம் யாது என மாணவரைக் கேட்டால், பெரும்பாலோர் தயங்காது தரும் விடை ஒன்றுண்டு: “பிரித்தானியர் விதித்த கொடிய வரிகள்.” இவ்விடை முற்றும் பிழையன்று; ஆயினும் சற்றே ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும். அக்காலத்தில் இங்கிலாந்திலே வாழ்ந்த குடிமகன் செலுத்திய வரி, அமெரிக்கக் குடியேற்ற நாட்டவன் செலுத்தியதிலும் பன்மடங்கு அதிகம். 1773 ஆம் ஆண்டு பொஸ்ரன் துறைமுகத்தில் நீரிலே வீசப்பட்ட தேயிலையோ, வரியையும் சேர்த்து, முன்னையிலும் மலிவாக விற்கப்படவிருந்த சரக்கு. பின் அதனை ஏன் கொட்டினார்கள்?

பிரான்சுடன் நிகழ்ந்த ஏழாண்டுப் போர் 1763 இல் முடிந்தபோது, பிரித்தானியாவுக்கு வெற்றியோடு 12 கோடி பவுணுக்கு மேற்பட்ட கடனும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பங்கையேனும் அங்குள்ளோர் ஏற்கட்டும் எனப் பாராளுமன்றம் கருதியது. அவ்வெண்ணத்தில் நியாயமே இல்லையென்று கூறிவிட முடியாது. 1764 இல் சர்க்கரைப் பாகின் மீதான தீர்வை கலனுக்கு 6 பென்சிலிருந்து 3 பென்சாகக் குறைக்கவும் பட்டது. ஆயின், கள்ளக் கடத்தலின் தயவால் ஏட்டளவில் இருந்த பழைய தீர்வை போலன்றி, இது கண்டிப்பாக அறவிடப்படலாயிற்று. அடுத்த ஆண்டு முத்திரைச் சட்டம் வந்தது. உறுதிகள், செய்தித்தாள்கள், பஞ்சாங்கங்கள், விளையாட்டுச் சீட்டுகள் யாவும் முத்திரை வரிக்கு உட்பட்டன. எழுதத் தெரிந்தவரையும் வாதாடத் தெரிந்தவரையும் ஒருங்கே பகைத்துக்கொண்ட இச்சட்டத்தினும் மதியீனமான சட்டம் வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே!

ஒன்பது குடியேற்ற நாடுகளின் பேராளர் 1765 ஒக்டோபரில் நியூயோர்க்கிற் கூடினர். தம் பிரதிநிதி ஒருவரேனும் அமர்ந்திராத சபை தம்மீது வரி விதித்தல் ஆகாது என்பதே அவர்தம் வாதம். 1766 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால், எவ்விடயத்திலும் குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்குண்டு என மற்றொரு சட்டத்தைப் பாராளுமன்றம் உடனேயே நிறைவேற்றியது. ஒரு கையால் வரியை மீட்டு, மறு கையால் உரிமையை நாட்டிய செயல் இது. 1767 இல் கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலை என்பன மீது புதிய தீர்வைகள் பிறந்தன. 1770 இல் அவையும் நீங்கின. தேயிலைத் தீர்வை ஒன்று மட்டும், றாத்தலுக்கு 3 பென்சாக, உரிமையின் அடையாளமாக நின்றது.

இங்கேதான் கிழக்கிந்தியக் கொம்பனி கதையினுள் நுழைகின்றது. இலண்டன் பண்டகசாலைகளில் விற்பனையாகாத தேயிலை மலைபோற் குவிந்து கிடக்க, கொம்பனி கடனில் மூழ்கியிருந்தது. அதனைக் காப்பதற்கே 1773 இல் தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. கொம்பனி தானே அமெரிக்காவுக்குத் தேயிலை அனுப்பலாம், விலை குறையும், 3 பென்சுத் தீர்வை மட்டும் நீடிக்கும். மலிவு தம் உரிமைக்கு விரித்த வலையென்றே பலர் கண்டனர். 1770 இன் வங்காளப் பஞ்சத்திலே கொம்பனி நடந்துகொண்ட விதத்தைச் சுட்டி, இதே கை நம்மீதும் நீளும் என்று பென்சில்வேனியாவில் ஜோன் டிக்கின்சன் எழுதினார். டிசெம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்டோர் மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையை நீரிற் கொட்டினர். அது சீனத்துத் தேயிலை. நமது மலைநாட்டிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867 இல் தான்.

ஆண்களின் கூட்டங்களோடு இக்கிளர்ச்சி நின்றிருந்தால் எளிதில் அடங்கியிருக்கும். அது அடுக்களைக்குள் வந்தமையே அதன் வலிமை. பெண்கள் இங்கிலாந்துத் துணியை விலக்கி வீட்டிலே நூல் நூற்றனர்; தேயிலைக்குப் பதிலாக மூலிகைகளைக் காய்ச்சினர். வட கரோலினாவின் ஈடன்ரன் ஊரில், 1774 ஒக்டோபரில், 51 பெண்கள் தம் பெயரை வெளிப்படையாக எழுதிக் கையொப்பமிட்டனர். இலண்டன் பத்திரிகைகள் அவர்களை எள்ளி நகையாடின.

பொஸ்ரன் துறைமுகத்தை மூடியதோடு பாராளுமன்றம் மசாச்சுசெற்சின் சுயாட்சியையும் குறுக்கியது. ஓர் ஊரைத் தண்டிக்கப்போய் ஏனையவற்றையும் அதனோடு சேர்த்துவிட்டது. 1775 ஏப்பிரலில் லெக்சிங்ரனில் துப்பாக்கி வெடித்தது. அதன் பின்னரும், அவ்வாண்டு ஜூலையில், அவர்கள் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினர் என்பதை மாணவர் மறத்தலாகாது. மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அதனை ஏற்காது, அவர்களைக் கலகக்காரர் எனப் பிரகடனஞ் செய்தார். ஓராண்டு செல்ல, 1776 ஜூலை 4 இல், சுதந்திரப் பிரகடனம் வெளிவந்தது. அதில் மன்னர்மீது அடுக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் 27. சம்மதமின்றி வரி விதித்தமை அவற்றுள் ஒன்றே ஒன்று.

அப்போது அந்நாடுகளில் வாழ்ந்த 25 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகள். பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சனும் அடிமைகளை உடையவரே. போர் முடியுமுன், 1780 இல், மசாச்சுசெற்சின் சட்டசபைக்கு ஒரு மனு வந்தது. விடுதலை பெற்ற ஆபிரிக்கர் ஒருவரின் மக்களான போல் கபியும் அவர்தம் சகோதரரும் வேறு சிலரும் அதிற் கையொப்பமிட்டிருந்தனர். வாக்குரிமை இல்லாத தம்மிடம் வரி அறவிடுவது எங்ஙனம் முறையாகும் என்று அவர்கள் கேட்டிருந்தனர்.