ரேகை வைக்குமுன், நகல் கொடுக்குமுன்: ராசிங்காபுரம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள், மலைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள், பணி ஓய்வு பெற்ற வாத்தியார்கள் என்று எல்லாரும் கலந்து இருக்கிறோம். கட்சி சார்பும் கிடையாது, விற்க எங்களிடம் பொருளும் கிடையாது. போனிலும் ஆதாரிலும் வங்கியிலும் கிடக்கும் நம்முடைய விவரங்களைப் பற்றி நாலு வார்த்தை பேசவே இதை எழுதுகிறோம்.

ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல்லை உடைக்கிற திருடனைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நம் ஊருக்கு அவன் தேவையே இல்லை. நம்முடைய விவரங்களை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அதுவும் நல்ல மனசோடு. “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீயே பாத்துப் போடுப்பா” என்று போனை நீட்டுகிறோம், பின் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறோம். காய்ந்த ஏலக்காயை ஸ்டோரில் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டு போகிற ஊர் இது. ஆதார் நகல் என்று வந்துவிட்டால் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறது.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் கூட்டிப்போகிறவரிடம் ஒரு நகல், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு நகல். குழுக் கடனுக்கு ஒன்று, சிம் வாங்கிய கடையில் ஒன்று, பிள்ளையைச் சேர்த்த பள்ளியில் ஒன்று, மகன் பைக் வாங்க ஜாமீன் போட்ட இடத்தில் ஒன்று. இவற்றில் எது எந்த மேசை டிராயரில் கிடக்கிறது, எது பழைய பேப்பரோடு எடைக்குப் போய் வடை மடித்துக் கொடுக்க வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை.

2022 மே மாதக் கடைசியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அதில் இருந்தது. நாடு முழுக்கப் பரபரப்பு. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று காரணம் சொன்னார்கள். எங்களைக் கேட்டால், ஆதார் விஷயத்தில் சாமானியனுக்குச் சொல்லப்பட்டவற்றில் மிகவும் உருப்படியான யோசனை அதுதான். அறிவிப்புதான் போனதே தவிர வசதி போகவில்லை. ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போது மறைத்த ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும், அதில் டிக் அடித்தால் போதும். முழு எண் சட்டப்படி தேவைப்படாத இடத்தில் இதையே கொடுங்கள். அடையாளம் மட்டும் கேட்கிற இடத்தில் வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ நீட்டலாம். காகித நகலே கொடுக்க வேண்டி வந்தால், குறுக்கே கோடு போட்டு, எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா மை நகலின் எழுத்துகள் மேலேயே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம்.

பிரவுசிங் சென்டரில் ஆதார் எடுப்பவர்கள் கவனிக்க. பதிவிறக்கும் கோப்புக்கு ஒரு கடவுச்சொல் உண்டு: பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பிறகு பிறந்த வருஷம். நம் பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு காசு கொடுத்து எழுந்து வந்துவிடுகிறோம், கோப்பு அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. எழுந்திருக்குமுன் அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்தாலும் இதே கதைதான். வேலை முடிந்ததும் ‘அனைவருக்கும் நீக்கு’ என்று கொடுங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால் அதை மூடாமல் வரவே கூடாது. போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைப் பாருங்கள், தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள்.

அடுத்தது ரேகை. வங்கிக்குப் போடி வரை போக முடியாதவர்கள் கைமிஷினில் ரேகை வைத்துப் பணம் எடுக்கிறோம். ஏலக்காய் எடுத்து எடுத்து, களை பிடுங்கி, விரலில் கறை ஏறி ரேகை தேய்ந்திருக்கிறது. ஒரு தடவையில் விழாது. “விழலம்மா, இன்னொரு வாட்டி வை” என்பார்கள், வைப்போம். நிஜமாகவே விழாமலும் இருக்கலாம். முதல் தடவையே பணம் எடுபட்டு, இரண்டாவது தடவை இன்னொரு முறை எடுபடுவதும் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் மிஷினின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு வாங்குங்கள், விழவில்லை என்றால் விழவில்லை என்று சொல்லும் சீட்டையும் வாங்குங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கவே வேண்டாம். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் அந்தச் சீட்டுதான் பாதுகாப்பு.

ரேகையைக் காகிதத்திலிருந்தே திருட முடியும். 2018இல் தெலங்கானாவில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் அச்சு செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளைச் செயல்பட வைத்த ஒருவரைப் போலீஸ் பிடித்தது. நிலம் வாங்கி விற்றவர்கள் நம் ஊரில் நிறைய. இதற்கு ஆதார் ஆணையமே ஒரு பூட்டு வைத்திருக்கிறது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகை, கருவிழி விவரங்களைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறக்கலாம். ஒரு சங்கடம் உண்டு: பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை வேலை செய்யாது. ரேஷன் வாங்கப் போகிறவர் அன்று மறக்காமல் திறக்க வேண்டும். அது முடியாத வயதானவர்களை நாங்கள் வற்புறுத்த மாட்டோம். திருப்பூரிலும் கேரளாவிலும் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள், ரேஷன் கடைப்பக்கமே வராதவர்கள், இன்றைக்கே பூட்டிவிடலாம். ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்று கடந்த ஆறு மாதத்துக்கான பட்டியலும் அதே இணையதளத்தில் கிடைக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரில் இருக்கிற போன் நம்பர் உங்களுடையதாக, உயிரோடு இருக்க வேண்டும். நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இதில்தான். போடிமெட்டு ஏறினால் ஒரு சிம்முக்கு டவர் கிடைக்காது, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போனால் வேறொன்றுதான் எடுக்கும். ஆகவே இரண்டு மூன்று சிம் வைத்துக்கொண்டு, ரீசார்ஜ் விலை ஏறியதும் ஒன்றை அப்படியே விட்டுவிடுகிறோம். விட்ட நம்பர் சும்மா இருப்பதில்லை. துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வைத்திருந்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இது 2023இல் உச்ச நீதிமன்றம் வரை பேசப்பட்ட விஷயம். நம் வங்கிக் கணக்கில் அந்தப் பழைய நம்பரே இருந்தால், பணம் எடுத்த செய்தியும் ஓடிபியும் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும், நமக்கு எதுவுமே வராது. சிம்மைக் கைவிடுமுன் வங்கியிலும் ஆதாரிலும் கேஸ் ஏஜென்சியிலும் நம்பரை மாற்றுங்கள், வாட்ஸ்அப் கணக்கை நீக்குங்கள். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். நீங்கள் வாங்காத நம்பர் அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

“எங்க அப்பா பேரைச் சொன்னான், ரேஷன் கார்டுல யார் யார் இருக்காங்கன்னு சொன்னான், அப்போ அதிகாரிதானே?” என்று ஒரு அக்கா கேட்டார். இல்லை அக்கா. தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேருடைய ஆதார் எண், போன் நம்பர், குடும்ப உறவு விவரங்கள் இணையத்தில் வெளியாகியிருப்பதாக 2021 ஜூனிலேயே ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. நம் குடும்ப விவரம் தெரிந்தவன் என்பதால் யாரும் அதிகாரி ஆகிவிட முடியாது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கோ, விவசாயிகளுக்கு வரும் 2,000 ரூபாய்த் தவணைக்கோ யாரும் போனில் ஓடிபி கேட்க மாட்டார்கள். பணம் வர வேண்டுமென்றால் பின் எண்ணும் போட வேண்டியதில்லை. பிறர் சொல்லிப் பின் எண் போட்டால் நம் பணம் போகிறது என்றே அர்த்தம். வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டினால் அணைத்துவிடுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் வண்டி அபராதம் என்றும் வருகிற கோப்புகளில், பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் தொடாதீர்கள். மாமா அனுப்பியிருந்தாலும்தான். மாமாவின் போன் ஏற்கெனவே வேறு ஆள் கையில் இருக்கலாம். உடனடிக் கடன் செயலிகள் விஷயத்தில் இன்னும் கடுமையாகச் சொல்கிறோம்: தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்தச் செயலியை அழித்துவிடுங்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. விதியை மீறுகிறவன் நம் படத்தை வைத்து என்ன செய்வான் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இனி, பிறர் விவரங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. ஆள் கூட்டிப்போகிற கங்காணிகள், கணக்குப்பிள்ளைகள், குழுத் தலைவிகள், உரக்கடை, மொபைல் கடை, பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள், ஊர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின்கள், எல்லாரையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள்மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. நம்பித்தான் எல்லாரும் உங்களிடம் கொடுத்தார்கள். தேவை முடிந்த நகல்களைக் கிழித்தோ எரித்தோ விடுங்கள், எடைக்குப் போடாதீர்கள். பயனாளிகள் பட்டியலை ஆதார் எண்ணோடு படம் பிடித்துக் குழுவில் போடாதீர்கள். பிறருடைய பின் எண்ணை நோட்டில் எழுதி வைக்காதீர்கள். அவர்களே சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் அந்த வழக்கைத் தொடுத்தார். அதற்குப் பிறகு 2023இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தச் சட்டம் நம் தெருவுக்கு வந்து சேர எவ்வளவு நாளாகுமோ. நம் மேசை டிராயரைச் சுத்தம் செய்ய அதுவரை காத்திருக்க வேண்டாம்.

திருட்டைப் பற்றியே பேசிவிட்டோம், தொலைவதும் உண்டு. மழைக்காலத்தில் போன் நனைந்து போவதும், ஜீப்பிலிருந்து விழுவதும் நமக்குப் புதிதா? போனோடு பட்டாவின் படம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், இறந்துபோன தாத்தாவின் ஒரே போட்டோ, எல்லாம் போய்விடும். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி இருக்கட்டும்: போனில் ஒன்று, பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ எடுத்து வீட்டில் வைத்தது ஒன்று, கூகுள் கணக்கில் ஒன்று. கூகுளில் 15 ஜிபி வரை இலவசம். அந்தக் கணக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரட்டைப் பூட்டு (இரண்டு-படி சரிபார்ப்பு) போடுங்கள். சான்றிதழ்களுக்கு அரசின் டிஜிலாக்கர் உண்டு, அதில் துறைகளே வழங்கும் ஆவணங்களுக்கு அசலின் மதிப்பு இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை வீட்டு டைரியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி வழியாக அந்தப் போனையே முடக்கலாம். நாலு முக்கியமான போன் நம்பர்களையும் அதே டைரியில் எழுதுங்கள். மனப்பாடமாக நம்பர் சொல்லும் ஆள் இப்போது வீட்டுக்கு ஒருவர்கூட இல்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அழைப்பு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. மாமன் மச்சானைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசுகிற நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். உடனே சொன்னால் வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வங்கிக்கு எழுத்தில் புகார், புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாட்களால் போன பணத்தை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு நம்மைச் சேராது. நாமே ஓடிபி சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது நம் தலையில், கொடுத்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாந்தவரைக் கேலி பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கேலிக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை.

தனியாகச் செய்யத் தயங்குகிறவர்களுக்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மந்தையில் உட்கார்ந்திருப்போம். ரேகையைப் பூட்டுவது, மறைத்த ஆதார் எடுப்பது, உங்கள் பெயரில் உள்ள சிம்களைப் பார்ப்பது, வாட்ஸ்அப்புக்கு இரட்டைப் பூட்டு போடுவது, இவற்றை உங்கள் விரலாலேயே உங்கள் போனில் செய்யச் சொல்லிக் கொடுப்போம். காசு கிடையாது. மலைக்குப் போகிறவர்கள் ஜீப் திரும்பிய பிறகு சாயங்காலமும் வரலாம். ஆதாரில் உள்ள நம்பர் போட்ட போனைச் சார்ஜ் ஏற்றிக் கொண்டு வாருங்கள். ஆதார் நகல் வேண்டாம். பின் எண்ணையோ ஓடிபியையோ எங்களிடமும் சொல்ல வேண்டாம். எங்களில் யாராவது கேட்டால் அங்கேயே எல்லார் முன்னாலும் சத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ராசிங்காபுரம் ஊர் நண்பர்கள்