முற்றத்துக் கூழும் இருபத்தைந்து பேரும்



சித்திரை வருஷப் பிறப்பு கிட்ட வரும்போது எங்களிற் பலருக்கு மகிழ்ச்சியோடு ஒரு சின்னப் பயமும் வரும். மருத்துநீர், பொங்கல், கைவிசேஷம் எல்லாம் ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிடும். அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. பயமெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சில்தான். "பிள்ளையளுக்கு லீவுதானே, எல்லாரும் ஒருநாள் உன்ரை வீட்டை வாறம்" என்று மச்சாள் சொல்வார். சகோதரங்கள், பெறாமக்கள், கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து நிற்பவர்கள், பக்கத்து வீட்டார் என்று எண்ணிப் பார்த்தால் 25 பேருக்குக் குறையாது. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. சிதறிப்போன குடும்பம் ஒரு முற்றத்தில் கூடுவது எங்களுக்கு இலேசில் கிடைப்பதா?

அத்தனை பேருக்கும் சோறு, இறைச்சிக் கறி, பொரியல், பாயாசம் என்று தொடங்கினால் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். வருஷத்துக்கும் தீபாவளிக்கும் ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுவார்கள். ஒரு பங்கு எடுத்தால் 25 பேருக்குக் காணாது, இரண்டு பங்குக்குக் கையில் காசு காணாது. அப்போதுதான் கிழமைக் கடன்காரர் நினைவுக்கு வருவார். அந்தக் கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அதில் இருந்தன. தொழிலுக்கென்று எடுத்த கடனே அப்படி நெரித்ததென்றால், ஒருநாள் சாப்பாட்டுக்கு எடுக்கும் கடனை என்னென்பது?

ஆகவே இம்முறை ஒடியற்கூழ் காய்ச்சுங்கள். வருஷத்தன்று வேண்டாம், அன்று சைவம். மறுநாளோ, அதற்கடுத்த நாளோ வைக்கலாம். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடென்றால் சனிக்குத் தள்ளிப் போடுங்கள். கிறிஸ்தவச் சகோதரிகளுக்கு உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் நன்றாகப் பொருந்தும்.

விருந்தென்று கூப்பிட்டுக் கூழோ என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூழ் பஞ்சத்துச் சாப்பாடாக இருந்த காலம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது பனையை நம்பி நாட்களைக் கழித்த வீடுகள் எத்தனை! ஆனால் அதற்கு முன்பும் பின்பும் யாழ்ப்பாணத்தில் ஒருவர் தனக்கு மட்டும் என்று கூழ் காய்ச்சியதில்லை. ஆள் கூடினால்தான் கூழ். இந்தக் காலமும் அதற்குத் தோதானது. மார்கழி, தையில் பாத்தி கிண்டி எடுத்த கிழங்கைப் பிளந்து காயவிட்டால், பங்குனிக்குள் ஒடியல் மொறமொறவென்று உடையும். புது மா கிடைக்கும். வீட்டில் இல்லாதவர்கள் பனங்கட்டியும் புழுக்கொடியலும் விற்கும் கடைகளில் வாங்கலாம்.

கூழின் பெரிய வசதி, அதைப் பல கைகளால் சேர்க்கலாம் என்பதுதான். ஒரு கிழமைக்கு முன்னமே எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். கரையோரத்துத் தங்கச்சி மீன் தலையும் சின்ன மீனும் கொண்டு வரட்டும். வளவில் பலா நிற்கும் பெரியம்மா பலாக்கொட்டை தருவார். மற்றவர்களுக்கு மரவள்ளி, பயிற்றங்காய், முருங்கையிலை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் காசு தர முன்வந்தால் மறுக்க வேண்டாம், நண்டும் இறாலும் அவரின் பங்கு என்று சொல்லுங்கள். மாவும் அடுப்பும் உங்களுடையவை. இப்படி ஒவ்வொருவரும் ஒன்று கொண்டு வந்தால் யாரும் யாருக்கும் கடமைப்பட்டதாக இராது. நண்டு வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: பெரிய நண்டு ஏற்றுமதிக்குப் போவதால் விலை எட்டாது. கால் முறிந்ததும் சிறியதும் மலிவாகக் கிடைக்கும். கூழுக்கு அதுவே போதும், சுவையில் குறைவில்லை.

அளவைச் சொல்கிறேன். அரைக் கிலோ மா 10 பேருக்குக் காணும் என்பது என் கணக்கு. 25 பேருக்கு ஒன்றேகால் கிலோ எடுங்கள். மீனும் தலையுமாக 3 கிலோ, நண்டு 12, இறால் அரைக் கிலோ, கணவாய் கிடைத்தால் கொஞ்சம். மரவள்ளி 1 கிலோ, பயிற்றங்காய் முக்கால் கிலோ, பலாக்கொட்டை 50, அரிசி 1 சுண்டு, இரண்டு பிடி முருங்கையிலை. செத்தல் மிளகாய் 40, மஞ்சள், ஒரு தோடம்பழ அளவு பழப்புளி.

மாவை முதல்நாள் இரவே அரித்து, நிறையத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் மேலே நிற்கும் தண்ணீரை மெல்ல வடித்து ஊற்றி, புதுத் தண்ணீர் விட்டு அடைய விடவேண்டும். இப்படி மூன்று தரம். ஒடியலின் காறலும் கைப்பும் அந்தத் தண்ணீரோடு போகவேண்டியவை. அவசரத்தில் இதை ஒருபோதும் விடாதீர்கள். மிளகாயை மஞ்சளோடு பட்டுப்போல அரைத்து, கரைத்த புளியில் கலந்து வையுங்கள்.

முற்றத்தில் மூன்று கல் வைத்துக் கிடாரத்தை ஏற்றுங்கள். பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சு எல்லாம் எரியும். 2022இல் எரிவாயுவுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற பிறகு இதன் அருமை கொழும்பாருக்கும் தெரிந்திருக்கும்! தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி. மரவள்ளி போட்டால் மூடி போடக்கூடாது. அவை அரைவாசி அவிந்ததும் பயிற்றங்காய், நண்டு, மீன் தலை, கணவாய். பிறகு இறாலும் மீன் துண்டும். கடைசியாக இலை. எல்லாம் அவிந்த பின் புளிக் கரைசலை விட்டுக் கொதிக்க வைத்து, நெருப்பைத் தணித்து, ஊறிய மாவைக் கரைத்து ஊற்றித் துழாவுங்கள். கை ஓயக்கூடாது, ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். பச்சை மணம் போய், அகப்பையில் ஒட்டி வழியும் பதத்தில் இறக்கலாம். கூழ் துழாவுவதில் எங்கள் ஆண்களுக்குத் தனிப் பெருமை உண்டு. அகப்பையைத் தாராளமாகக் கொடுங்கள், உப்பை மட்டும் நீங்கள் பாருங்கள்.

மா விடும் முன்பே சைவக்காரருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் தனிப் பானை வைத்துவிட வேண்டும். மரக்கறியும் பலாக்கொட்டையும் மட்டும் போட்டு, உறைப்பைக் குறைத்து.

இனி, சாப்பாட்டை விடக் கவனமாகச் செய்யவேண்டியது ஒன்று. கணவனை இழந்தவர்களும், கணவனைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் நல்ல நாளில் தாம் முன்னுக்கு நிற்கலாமோ, தாம் கூப்பிட்டால் வருவார்களோ என்று தயங்குவதைக் கண்டிருக்கிறேன். மற்றவர்களின் நன்மை தீமைகளில் பின்னுக்கு நின்று பழகியதால் வந்த தயக்கம் அது. அந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அது ஒருபுறம் இருக்க, கூழுக்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. யார் அடுப்பு மூட்டியது, யார் முதலில் அரிசி போட்டது என்று கேட்பாரும் இல்லை. ஆகவே தயங்காமல் கூப்பிடுங்கள். "அவரைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ?" என்று கூட்டத்தின் நடுவே கேட்கக்கூடியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்தானே. அவரிடம் முன்னமே தனியாகச் சொல்லி வையுங்கள். வராதவருக்காக ஒரு பிளா கூழ் எடுத்து வைக்க விரும்பினால் வையுங்கள், அது உங்கள் விருப்பம்.

பரிமாறும்போது ஆட்களை வரிசையில் நிற்க விடாதீர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கும், பிறகு மெனிக் பாமில் சோற்றுக்கும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர்கள் உங்கள் முற்றத்திலும் இருப்பார்கள். கிடாரத்தையும் நீளும் கைகளையும் கண்டால் சிலருக்குக் கூழ் இறங்காது. பாய் விரித்து எல்லோரையும் வட்டமாக இருத்துங்கள். பனையோலையில் பிளா கோலி, அது இயலாவிட்டால் கோப்பையில், இளம் பிள்ளைகள் கொண்டுபோய்க் கையில் கொடுக்கட்டும். முதியவர்களுக்கு முதலில். கடிக்கத் தேங்காய்ச் சொட்டு வேண்டும். சூடு ஆறமுதல் இரண்டாந் தரம் கேட்டுக் கேட்டு வாருங்கள், கேட்க வெட்கப்படுவோர் கட்டாயம் இருப்பார்கள்.

மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம். மீனும் நண்டும் கிடந்த கூழ் இந்த வெயிலுக்குத் தாங்காது. பின்னேரமே அயலில் கொடுத்துவிடுங்கள். கிடாரம் இரவல் வாங்கியதென்றால், ஒரு தூக்குச்சட்டி கூழை அந்த வீட்டுக்கு மத்தியானமே அனுப்பிவிட்டு, பாத்திரத்தைச் சாம்பல் போட்டு மினுக்கி, பொழுதுபட முன்னர் கொண்டுபோய்க் கொடுங்கள். அடிப்பிடித்திருந்தால் புளி போட்டு ஊறவிட்டால் கழன்றுவிடும்.