எந்தக் கடைன்னு கேக்காதீங்க, எத்தனை மணிக்கு வேகவெச்சதுன்னு கேளுங்க

"மச்சி, சென்னைல நல்ல பப்பிள் டீ எங்க கிடைக்கும்?"

ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடுது. உடனே பத்துப் பதில். ஒருத்தன் அண்ணா நகர்னு சொல்வான், ஒருத்தி நுங்கம்பாக்கம்னு சொல்வா. "ஏன் அவ்வளவு தூரம், தாம்பரத்துலயே இருக்கே"ன்னு மூணாவது ஆள் வருவான். அவன் சொன்ன இடத்துக்குப் போயிட்டு வந்த நாலாவது ஆள், "ரப்பர் மாதிரி இருந்துச்சுடா"ன்னு அழுவான். பெரும்பாலும் இதுல யாருமே பொய் சொல்றதில்லை. ஒரே கடையில சாயந்திரம் 5 மணிக்குக் குடிச்சவனுக்கு அமிர்தம், ராத்திரி 9 மணிக்குக் குடிச்சவனுக்கு அழிரப்பர். அப்படின்னா கடையைப் பத்திப் பேசறதே வீண். நேரத்தைப் பத்திப் பேசணும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். "ஒரிஜினல் எங்க கிடைக்கும்"னு தேடறதை விட்டுடுங்க. இது 1980-களில் தைவானில் பிறந்த பானம். தாய்ச்சுங் நகரத்து சுன் ஷுய் தாங் என்ற தேநீர்க் கடையும், தாய்னான் நகரத்து ஹான்லின் என்ற கடையும் "நாங்கதான் முதல்ல கண்டுபிடிச்சோம்"னு சொல்லி சுமார் 10 வருஷம் கோர்ட்டுல சண்டை போட்டாங்க. கடைசியில் 2019-ல், இது காப்புரிமை உள்ள பொருள் இல்லை, யார் வேணும்னாலும் போடலாம், அதனால யார் முதல்னு தீர்ப்பு சொல்லத் தேவையில்லைன்னு முடிச்சுட்டாங்க. பிறந்த ஊர்லயே பட்டா இல்லாத சரக்குக்கு நாம எதுக்கு ஒரிஜினல் தேடணும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். கப்புக்கு அடியில கறுப்பா உருளுதே, அது மரவள்ளிக்கிழங்கு மாவு. கிழங்கிலிருந்து எடுத்த ஸ்டார்ச், நாட்டுச் சர்க்கரை மாதிரி பழுப்புச் சர்க்கரை, கொதிக்கிற தண்ணி. அவ்வளவுதான். உருட்டி, அரை மணி நேரம் கொதிக்கவெச்சு, இன்னும் கொஞ்ச நேரம் மூடிவெச்சு, சர்க்கரைப் பாகுல ஊறப்போடுவாங்க. ஸ்டார்ச் துகள் சுமார் 60, 70 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் தண்ணியை உறிஞ்சி ஊதிப் பசையாகுது. அந்தப் பசைதான் நாம சவைக்கிற மெதுமை. தைவான்காரங்க இந்தப் பதத்துக்கே "கியூகியூ"ன்னு தனியா ஒரு பேர் வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அல்வாவுக்கும் நுங்குக்கும் பதம் பார்க்கிறவங்களுக்கு இது புரியும்.

ஆனா ஆறினதும் கதை மாறுது. பிரிஞ்சு நின்ன ஸ்டார்ச் சங்கிலிகள் மறுபடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, உள்ள இருந்த தண்ணியை வெளியே தள்ளிட்டு இறுகிக்கும். ஃப்ரிட்ஜ்ல வெச்ச சாதம் மறுநாள் சோளப்பொரி மாதிரி விறைச்சுப் போறது இதே காரணத்தாலதான். வெந்த போபாவுக்கு சுமார் நாலு மணி நேரம்தான் ஆயுசு. பாகுல, இளஞ்சூட்டுல வெச்சிருந்தாலே அவ்வளவுதான். ஃப்ரிட்ஜுக்குள்ள போச்சுன்னா அதுவும் இல்லை. கடிச்சா வெளியே கொழகொழன்னு, நடுவுல வெள்ளையா சாக்பீஸ் மாதிரி இருந்தா ஒண்ணு சரியா வேகலை, இல்லை நேத்து வெந்தது.

இங்கதான் புறநகர்ப் பிரச்சினை வருது. "சிட்டியில நல்லா இருக்கு, நம்ம ஏரியால கேவலமா இருக்கு"ன்னு சொல்றோமே, நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைக்காரருக்கு ருசி தெரியாதுன்னா அர்த்தம்? இல்லை. அவருக்குக் கூட்டம் இல்லை. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ காய்ஞ்ச போபாவை வேகவெச்சா சுமாரா முப்பது கப் வரும்னு வெச்சுக்குவோம். நகரத்துல மால் உள்ள இருக்கிற கடையில அது ஒண்ணரை மணி நேரத்துல காலி. அங்க நீங்க எப்பப் போனாலும் புதுசுதான், அவங்க திறமைசாலியா இருக்கவே வேண்டாம். நம்ம பக்கத்துக் கடையில நாலு மணி நேரத்துக்குப் பத்துக் கப் போனா பெரிய விஷயம். மீதி இருபது கப்பை என்ன செய்யறது? கொட்டணும். கொட்டினா நஷ்டம். கொட்டலைன்னா உங்க தொண்டையில. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர்ல "பேப்பர்காரன் கணக்கு"ன்னு ஒண்ணு படிச்சிருப்பீங்களே, நாளைக்கு விக்காத சரக்கை இன்னிக்கு எவ்வளவு வாங்கறதுன்னு? அது அப்படியே இதுதான். என்ன, பேப்பருக்கு ஒரு நாள் ஆயுசு, இதுக்கு நாலு மணி நேரம்.

இதுக்குத் தீர்வும் இருக்கு, ஆனா ரொம்பக் கடைங்க அதைச் செய்யறதில்லைங்கறதுதான் என் கோபம். ஒரு கிலோ போடாதீங்க, கால் கிலோ போடுங்க. தீர்ந்தா "கொஞ்ச நேரம் ஆகும், இல்லைன்னா போபா இல்லாம குடிங்க"ன்னு சொல்லுங்க. தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கடையில மதியம் ரெண்டு மணிக்குப் போய் நின்னேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, "அண்ணா, இப்ப வேணாம், காலைல போட்டது. அஞ்சு மணிக்கு வாங்க, புதுசா வெப்போம்"னுச்சு. கையில காசோட நிக்கிறவனைத் திருப்பி அனுப்பின அந்தக் கடைக்கு அப்புறம் நான் எட்டு பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். உள்ள சேர் ரெண்டுதான், ஏ.சி. கிடையாது, இன்ஸ்டாவுக்கு ஏத்த சுவரும் கிடையாது. இப்ப அங்கதான் போறோம்.

அடுத்து, ஒரு சின்ன ஏமாத்து வேலை. மெனுவில "போபா"ன்னு மட்டும் போட்டிருக்கும். வாயில போட்டா பட்டுன்னு வெடிச்சு ஸ்ட்ராபெரி சாறு வரும். அது பாப்பிங் போபா. மரவள்ளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கடல்பாசியிலிருந்து எடுக்கிற சோடியம் ஆல்ஜினேட்டும் கால்சியம் உப்பும் சேர்ந்தா மெல்லிசா ஒரு தோல் கட்டும். அந்தத் தோலுக்குள்ள சாறு. டப்பாவுல அடைச்சு மாசக்கணக்கில் வெச்சுக்கலாம், வேகவைக்க வேண்டாம், கொட்ட வேண்டாம். கூட்டமில்லாத கடைக்கு இது வரப்பிரசாதம். குடிக்கறதுக்கும் மோசமில்லை, லெமன் டீயில நல்லாவே இருக்கும். ஆனா டப்பாவைத் திறந்து கரண்டியால அள்ளிப் போடறதுக்கும், அடுப்பு முன்னாடி ஒரு மணி நேரம் நிக்கறதுக்கும் ஒரே 220 ரூபாயா? "டாப்பியோக்காவா, பாப்பிங்கா?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க. கேட்டா முறைக்கிற கடையில வேற எதையும் கேக்க வேண்டாம்.

டெலிவரி ஆப்ல ஆர்டர் பண்றவங்களுக்கு ஒரே வரி: பண்ணாதீங்க. ஐஸோட சேர்ந்து நாப்பது நிமிஷம் பைக்ல குலுங்கி வர்ற ஸ்டார்ச்கிட்ட மெதுமையை எதிர்பார்க்கறது நியாயமில்லை.

டீயைப் பத்தியும் சொல்லணும். பேரிலேயே டீ இருக்கு, ஆனா முக்காவாசி மெனுவில டீயே இல்லை. ஊதாக் கலர்ல ஒரு பவுடர், பச்சைக் கலர்ல ஒரு பவுடர், பால், ஐஸ். அது மில்க்‌ஷேக். நீலகிரித் தேயிலை விளையற மாநிலத்துல, தெருவுக்கு ரெண்டு டீக்கடை இருக்கிற ஊர்ல, டிகாக்‌ஷன் போடத் தெரியாத ஒரு கடை டீ பேரைச் சொல்லி இருநூறு ரூபாய் வாங்குது. இத்தனைக்கும் "பப்பிள்"ங்கற பேரே டீயைக் குலுக்கறப்ப மேல வர்ற நுரையால வந்ததுன்னு சொல்றாங்க. நுரை எழுப்பறதுக்கு நம்ம டீ மாஸ்டருக்கு ஷேக்கர் வேணுமா என்ன? ஒரு ஆத்து ஆத்தினா போதாதா?

இப்ப நான் நிஜமா சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

என் ரூம்மேட் சேலம் மாவட்டம், ஆத்தூர் பக்கம். முதல் தடவை அவனை பப்பிள் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனப்ப, ஒரு உருண்டையை நாக்குல தள்ளிப் பார்த்துட்டு, "டேய், இது எங்க குச்சிக்கிழங்குடா"ன்னான். சிரிச்சோம். அப்புறம் பில்லைப் பார்த்துட்டு, அவன் அப்பா கிழங்கு விக்கிற கதையைச் சொன்னான். கிட்டத்தட்டப் பத்து மாசம் நிலத்துல நிக்கிற பயிர். சேகோ ஃபேக்டரியில கிழங்குல எவ்வளவு ஸ்டார்ச் இருக்குன்னு பாயிண்ட் பார்த்து விலை போடுவாங்க. ரெண்டு பாயிண்ட் குறைஞ்சா அந்த வருஷக் கணக்கே மாறிடும். ஒரு மூட்டைக் கிழங்குக்கு வீட்டுக்கு வந்த காசை அவன் சொன்னப்ப, என் கையில இருந்த கப்போட விலையை நான் சத்தமா சொல்லலை.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் 1880-களில் அதை அங்க பரப்பினார். ரெண்டாம் உலகப் போர்ல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னப்ப சேலத்துல இந்தத் தொழில் வேர் பிடிச்சுது. ஜவ்வரிசிங்கற பேரே "ஜாவா அரிசி"ன்னு சொல்வாங்க. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. இவ்வளவும் இருநூறு மைல் தூரத்துல இருக்கு. நாம எட்டிப் பார்த்த கடைகள்ல இருந்த போபா பாக்கெட்டெல்லாம் கப்பல்ல வந்தது. பாயசத்துல மிதந்தா "ஐயோ, ஜவ்வரிசியா"ன்னு ஓரமா ஒதுக்கற அதே ஆளுங்கதான் அது ஸ்ட்ராவுல ஏறி வந்தா ஸ்டோரி போடறோம்.

ஜவ்வரிசியை அப்படியே போட்டா போபா ஆகிடுமான்னு கேப்பீங்க. ஆகாது. ஜவ்வரிசி சின்னது, சூடான தட்டுல வறுத்து வெயில்ல காயவைச்சது. பாலில் போட்டா கரைஞ்சு கஞ்சியாகத்தான் பழகியிருக்கு. போபா பெருசு, சர்க்கரை சேர்த்துப் பிசைஞ்சது. ஆனா ரெண்டுக்கும் மூலப்பொருள் ஒண்ணு. உருட்டற அளவையும், சேர்க்கற சர்க்கரையையும், உலர்த்தற விதத்தையும் மாத்தணும். இது ராக்கெட் இல்லை. இன்னொண்ணு: சந்தையில ஜவ்வரிசி பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும்னு எல்லாரும் எதிர்பார்க்கறதாலதான், வெளுக்கறதுக்கு ரசாயனம் போடற புகார் அந்தத் தொழிலைத் துரத்துது. போபா கறுப்பு. அதை வெளுக்கணும்னு எவனும் கேக்க மாட்டான். வெள்ளை நிறத்துக்காகத் தப்பு பண்ற தொழிலுக்கு, நிறமே தேவைப்படாத ஒரு பொருள் கிடைச்சா அது சின்ன விஷயமா?

உலகத்துலயே அதிகமா மரவள்ளி ஸ்டார்ச் ஏற்றுமதி பண்றது தாய்லாந்து. தைவான்ல பேர் வாங்கின பானத்துக்குத் தாய்லாந்துக் கிழங்கு சரியா இருக்கும்னா, ஆத்தூர்க் கிழங்குக்கு என்ன குறை? ஃபுட் டெக் படிக்கிறவங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் சிறுதானிய பிஸ்கட்டே பண்ணுவீங்க? கோவிச்சுக்காதீங்க, பிஸ்கட் நல்லாத்தான் இருந்துச்சு.

அதனால ஒரு ஏற்பாடு. வர்ற சிம்போசியத்துல மெயின் பிளாக் பக்கத்துல நாங்க ஒரு ஸ்டால் போடறோம். ரூம்மேட் ஊர்லேர்ந்து ஸ்டார்ச் மாவு கொண்டு வர்றான். மெஸ் அண்ணன் ஒரு அடுப்பு தர்றேன்னு ஒத்துக்கிட்டார். மணிக்கு ஒரு தடவை கால் கிலோ மட்டும் வேகும், வெந்த நேரத்தைப் பலகையில எழுதி வெப்போம். டீ, கேட் வாசல்ல நிக்கிற மாஸ்டரோடது. விலை 50 ரூபாய். ஒரே சிக்கல், ஸ்ட்ரா. பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டுல தடை. பேப்பர் ஸ்ட்ரா பாதிக் கப்புலயே நமுத்துப் போகுது. பாரிமுனையில விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். கிடைக்கலைன்னா, வர்றப்ப ஆளுக்கொரு ஸ்பூன் எடுத்துட்டு வந்துடுங்க.