கௌதாரியும் பெங்குவினும்

வயல் வரப்பிலும் புதர்க்காட்டிலும் ஓடித் திரியும் கௌதாரியை அறியாத தமிழர் அரியர். ஆயினும், அப்பறவைக்கு விஞ்ஞானிகள் இட்டு வழங்கும் லத்தீன் பெயரில் நம் புதுச்சேரியின் பெயரும் அடங்கியிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்பெயரின் பிற்பகுதி 'பாண்டிசெரியானுஸ்' என்பது. வெண்புருவமும் கரிய கண்பட்டையும் உடைய சாம்பல் நிறச் சிறு குருவி ஒன்றும் இதே அடைமொழியைத் தாங்கி நிற்கிறது. ஜெர்மனியில் கெட்டிங்கன் சர்வகலாசாலை ஆசிரியராயிருந்த க்மெலின் என்பவர் 1789இல் இப்பெயர்களைச் சூட்டினார். அவர் புதுச்சேரியைக் கண்டவரல்லர். பிறர் எழுதிய புத்தகங்களை மேஜையின்மேல் விரித்து வைத்துக்கொண்டு பெயரிட்டவர் அவர். அப்புத்தகங்களுள் ஒன்றை இயற்றிய பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் மட்டும் நம் ஊர்த் தெருக்களில் நடமாடியவர். அவரைப் பற்றியே இவ்வாரம் நேயர்களிடம் பேச விரும்புகிறோம்.

சொன்னரா 1748இல் பிரான்சு தேசத்து லியோன் நகரில் பிறந்தார். அக்காலத்தில் மொரீஷியஸ் தீவு பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே உயர்ந்த அதிகாரத்தில் அமர்ந்திருந்த பியேர் புவாவ்ர் என்பவர் அவருக்கு உறவினர். 'புவாவ்ர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மிளகு என்றே பொருள். பெயருக்கேற்ப அம்மனிதரும் வாசனைச் சரக்குகளிலேயே கண்ணாயிருந்தார்! கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரரின் ஏகபோகமாயிருந்த நாட்கள் அவை. அவற்றின் கன்றுகளை எவ்வாறேனும் கொணர வேண்டுமென்று புவாவ்ர் கப்பல்களை ஏவினார். அத்தகைய பிரயாணம் ஒன்றில் சொன்னராவும் சேர்ந்துகொண்டு, 1771ஆம் ஆண்டளவில் பிலிப்பைன் தீவுகளையும் மொலுக்காஸ் தீவுகளையும் கண்டு திரும்பினார்.

இதுவரையில் குற்றம் ஒன்றுமில்லை. 1776இல் அவர் பாரிசில் பிரசுரித்த முதல் நூலுக்கு 'நியூகினிப் பிரயாணம்' என்று பெயர் வைத்தார். நியூகினியில் அவர் கால் வைத்ததே இல்லை! அதைவிட விநோதம், அந்நூலில் நியூகினியின் பறவைகள் என்று பெங்குவின்களை அழகாகச் சித்திரித்திருக்கிறார். நியூகினியோ பூமத்திய ரேகையை அடுத்து வெப்பத்தில் கிடக்கும் தீவு. அங்கே பெங்குவின் ஏது? ஆஸ்திரேலியாவுக்கே உரிய கூக்கபரா என்ற பெரிய மீன்கொத்தியையும் அவ்வாறே நியூகினிக்குக் குடியேற்றிவிட்டார்.

புத்தகத்தை நம்பி ஐரோப்பியப் பண்டிதர்கள் பெயரிட்டார்கள். தென்கடல் தீவுகளில் வாழும் ஒரு பெங்குவின் இன்றளவும் 'பப்புவா' என்ற நியூகினிப் பெயரோடு உலவுகிறது. கூக்கபராவின் லத்தீன் பெயரும் நியூகினியையே சொல்லுகிறது. முதலில் முறைப்படி இட்ட பெயர், இடம் தவறிவிட்டது என்ற காரணத்துக்காக மாற்றப்படுவதில்லை என்பது விஞ்ஞானிகளின் விதி. ஒருவர் சொன்ன பொய் இருநூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானப் பெயராகவே வாழ்ந்து வருகிறது.

இப்படிப்பட்டவரின் புத்தகத்தை நாம் ஏன் நம்ப வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய இரண்டாவது நூலின் கதை வேறு. 1774 முதல் 1781 வரை கீழ்நாடுகளில் செய்த பிரயாணத்தின் பயனாக, 1782இல் இரண்டு பாகங்களில் அது வெளிவந்தது. அவர் தீட்டிய சித்திரங்களைப் புவாசோன் என்பவர் செப்புத் தகட்டில் செதுக்க, 140 படங்கள் அதில் இடம்பெற்றன. நம் தெய்வ வடிவங்களும் கைத்தொழில் செய்வோரும் ஒரு புறம், பறவைகளும் விலங்குகளும் செடிகொடிகளும் மற்றொரு புறம். லிச்சிப் பழமரத்தின் விஞ்ஞானப் பெயர் இந்நூலில் பிறந்ததுதான். மடகாஸ்கர் தீவின் 'ஐ-ஐ' என்ற விசித்திரப் பிராணியை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்ததும் இதுவே.

இந்நூலில் சொல்லும் நம் பறவைகளை நாமே சோதித்துப் பார்க்கலாம். கருங்கொண்டை மைனாவை எடுத்துக்கொள்வோம். செம்மை கலந்த மஞ்சள் உடல். தலையில் படிந்து கிடந்து, பாடும்போது சிலிர்த்தெழும் கரிய கொண்டை. அதைக் கண்டு குடுமி நினைவு வந்ததோ என்னவோ, சொன்னரா அதற்குப் 'பிராமண மைனா' என்று பிரெஞ்சு மொழியில் பெயரிட்டார். கோயில் கோபுரங்களில் குடியிருப்பது என்றும் குறித்தார். க்மெலின் அதைக்கொண்டு 'கோயில்களுடைய' என்று பொருள்படும் லத்தீன் பெயரை அமைத்தார். கோபுரப் பொந்துகளை அண்ணாந்து பார்த்தவரன்றி வேறு யார் இதை எழுதியிருக்க முடியும்? ஆனால் இப்பறவைகளைக் கண்ணி வைத்தும் வலை வீசியும் பிடிக்கத் தெரிந்த நம் நாட்டு வேடர் எவருடைய பெயரும் இந்த லத்தீன் பெயர்களில் ஏறவில்லை. இது நமக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

எல்லாவற்றிலும் சுவையானது காட்டுக்கோழி வழக்கு. நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலுக்குக் கழுத்திறகுகளின் நுனியில் மெழுகு சொட்டியது போன்ற வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகள் உண்டு. இதுவே உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை என்று சொன்னரா எழுதினார். பின்வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. வட இந்தியாவிலும் அதற்குக் கிழக்கேயுள்ள நாடுகளிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே மூதாதை என்று சார்லஸ் டார்வின் 1868இல் தீர்ப்பளித்தார். அத்துடன் வழக்கு முடிந்தது என்றே உலகம் எண்ணியிருந்தது. 2008இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது வேறொரு உண்மை வெளிப்பட்டது. சிவப்புக் காட்டுக்கோழிதான் முதன்மையான மூதாதை என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலான வளர்ப்புக் கோழிகளின் கால்களிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறத்துக்குரிய மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாம்! நியூகினி விஷயத்தில் முழுப் பொய் சொன்னவர், நம் நாட்டுக் கோழி விஷயத்தில் கால் பங்கு உண்மையாவது சொல்லியிருக்கிறார்.

சொன்னராவின் பிற்காலம் துயரமானது. மீண்டும் இந்தியா வந்து, கோதாவரிக் கழிமுகத்திலுள்ள யானாமில் பிரெஞ்சு நிர்வாகத்தின் தலைவராயிருந்தார். 1793இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பிரதேசங்களைக் கைப்பற்றினர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போர்க்கைதியாகப் புதுச்சேரியிலேயே அவர் காலங்கழிக்க நேர்ந்தது. 1813இல்தான் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் டெம்மிங்க் என்ற டச்சு அறிஞர் நம் காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரையே இட்டார். மறு ஆண்டு, 1814இல், சொன்னரா பாரிசில் மறைந்தார்.

அவருடைய நூலின் பக்கங்களும் படங்களும் இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன. பிரெஞ்சு அறிந்த பெரியவர்கள் பலர் இன்னும் நம் ஊரில் உள்ளனர். இந்த விடுமுறையில் அவர்களருகே பிள்ளைகளை உட்கார வைத்து, கௌதாரியைப் பற்றிய பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். மறுநாள் விடியற்காலையில் ஊசுட்டேரிப் பக்கம் அழைத்துச் சென்றால், கௌதாரியே எழுந்து நின்று கூவிச் சாட்சி சொன்னாலும் சொல்லும்.